பிங்க் ஃப்ளாய்ட்: ஒவ்வொரு ஆல்பத்திலும் ஒரு காலி நாற்காலி

அந்த டி-ஷர்ட்டைப் பார்க்காதவங்க நம்ம கேம்பஸ்ல யாரும் இருக்க மாட்டீங்க. கறுப்பு பேக்ரவுண்ட், நடுவுல ஒரு ப்ரிசம், ஒரு பக்கம் வெள்ளை வெளிச்சம் உள்ளே போய் மறுபக்கம் கலர் கலரா பிரிஞ்சு வரும். (எண்ணிப் பாருங்க, ஏழு கலர் இல்ல, ஆறுதான். இண்டிகோவை விட்டுட்டாங்க.) அது 1973-ல் வந்த 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தின் அட்டைப்படம். டி-ஷர்ட் போட்டிருக்கிற எல்லாரும் அந்த ஆல்பத்தைக் கேட்டிருக்கணும்னு ஒண்ணும் சட்டம் இல்ல. ஆனா ஆசைப்பட்டு பிங்க் ஃப்ளாய்ட் கேட்க ஆரம்பிக்கிறவங்க ஒரு இடத்துல கண்டிப்பா குழம்புவாங்க. 1967-ல் வந்த முதல் ஆல்பத்தைப் போட்டா குழந்தைக் கதை மாதிரி சின்னச் சின்னப் பாட்டு. 1971-ஐப் போட்டா ஒரே பாட்டு 23 நிமிஷம் ஓடுது. 1979-ஐப் போட்டா கோபமான ஒரு நாடகம். 1994-ஐப் போட்டா அமைதியான கிட்டார். இது எல்லாமே ஒரே பேண்டா?

ஒரே பேண்ட்தான். இந்த மாற்றத்தை நிறைய பேர் "காலத்துக்கு ஏத்த மாதிரி வளர்ந்தாங்க"ன்னு ஒரே வரியில் முடிச்சுடுவாங்க. எனக்கு அது சரியா படல. இவங்க இசை பெரிசா மாறின ஒவ்வொரு தடவையும், அதுக்கு முன்னாடி ஒருத்தர் அந்த ரூமை விட்டுப் போயிருக்கார், அல்லது போக வைக்கப்பட்டிருக்கார். அந்தக் காலி இடத்தை மிச்சம் இருந்தவங்க எதை வச்சு நிரப்பினாங்களோ, அதுதான் அடுத்த பிங்க் ஃப்ளாய்ட். இந்த ஒரு சாவி கையில் இருந்தா மொத்த கதையும் திறந்துடும்.

ஆர்க்கிடெக்சர் பசங்களும் ஒரு ஓவியரும்

ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் மூணு பேரும் லண்டன் ரீஜன்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் ஆர்க்கிடெக்சர் படிக்க 1962-ல் சேர்ந்தவர்கள். நம்மள மாதிரியே டிராயிங் ஷீட், ப்ராஜெக்ட், டெட்லைன்னு இருந்தவங்க. வாட்டர்ஸ் பேஸ் கிட்டார், மேசன் டிரம்ஸ், ரைட் கீபோர்டு. இவர்களோடு வந்து சேர்ந்தவர் சிட் பாரெட். கேம்பிரிட்ஜ் ஊர்க்காரர், லண்டனில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தார். பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்களின் பெயரை ஒட்டவைத்து பேண்டுக்குப் பெயர் வைத்ததும் அவர்தான்.

முதல் ஆல்பம் 'த பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்', 1967. மொத்தம் 11 பாட்டு, அதில் 8 பாட்டு சிட் தனியாக எழுதியது. பூனை, சைக்கிள், பயமுறுத்தும் பொம்மை என்று ஒரு குழந்தையின் அலமாரியைத் திறந்த மாதிரி இருக்கும். நடுவில் திடீரென்று கிட்டார் கிறுக்குத்தனமாக எங்கேயோ போகும். அதே வருஷம் வந்த 'சீ எமிலி ப்ளே' என்ற சிங்கிள் பிரிட்டன் சார்ட்டில் ஆறாவது இடம் வரை போனது. பாட்டு எழுதுவது, பாடுவது, கிட்டார், முகம் எல்லாமே சிட்தான்.

ஆனால் அதே 1967 முடிவதற்குள் சிட் உடைந்துபோனார். எல்எஸ்டி பழக்கமும் மனநலப் பிரச்சினையும் சேர்ந்து அவரை மேடையில் நிற்க முடியாமல் செய்தது. உதவிக்காக அவருடைய கேம்பிரிட்ஜ் நண்பர் டேவிட் கில்மோரைக் கூப்பிட்டார்கள். கொஞ்ச நாள் அஞ்சு பேர் பேண்டாக இருந்தது. 1968 ஜனவரியில் ஒரு கச்சேரிக்கு வேனில் கிளம்பும்போது, இன்றைக்கு சிட்டைக் கூப்பிட வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். கூப்பிடவில்லை. அவ்வளவுதான், முடிந்தது. அப்போது பேண்டின் மேனேஜர்கள் இரண்டு பேரும் சிட் பக்கம்தான் போனார்கள். ஏன்னா பாட்டு எழுதத் தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தானே, மிச்சம் நாலு பேரை வச்சு என்ன பண்றது?

அந்த மேனேஜர்கள் போட்ட கணக்கு அன்றைக்குத் தப்பே இல்லை. பாட்டு எழுதத் தெரியாத நாலு பேர் எப்படித் தப்பித்தார்கள் என்பதுதான் இந்தக் கதையின் சுவாரசியமான பகுதி.

பாட்டு எழுத வரல, சரி, கட்டிடம் கட்டுவோம்

1968-ல் வந்த இரண்டாவது ஆல்பம் 'எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்'. அதன் டைட்டில் பாட்டு கிட்டத்தட்ட 12 நிமிஷம், முழுக்க வார்த்தையே இல்லை. அதை வாட்டர்ஸும் மேசனும் ஸ்வரம் எழுதி உருவாக்கவில்லை. எங்கே சத்தம் ஏறணும், எங்கே சரியணும், எங்கே சமநிலைக்கு வரணும் என்று ஒரு கட்டிட வரைபடம் மாதிரி பேப்பரில் வரைந்து வைத்துக்கொண்டு வாசித்தார்கள். படிச்ச படிப்பு வேற எங்கேயோ உதவியிருக்கு!

சிட் இருந்தவரை பாட்டு என்றால் ஒரு மெட்டு, ஒரு கதை. சிட் போனதும் பாட்டு என்றால் ஒரு இடம். அதுக்குள்ள நுழையணும், நடக்கணும், வெளியே வரணும். இந்த மாற்றம் உடனே சரியாக அமைந்துவிடவில்லை. 1969-ல் 'அம்மகம்மா' என்ற இரட்டை ஆல்பத்தில் ஆளுக்கு அரைப் பக்கம் பிரித்துக்கொண்டு தனித்தனியாகச் செய்து பார்த்தார்கள். ரொம்பப் பொறுமை வேணும் அதைக் கேட்க. 1970-ல் 'ஆட்டம் ஹார்ட் மதர்'. அட்டையில் ஒரு மாடு, உள்ளே பித்தளை வாத்தியங்களும் கோரஸும் சேர்ந்து 23 நிமிஷத்துக்கு மேல் ஒரே பாட்டு. பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. பின்னாளில் அதை வாசித்தவர்களே அதைப் பெரிசாக மதிக்கவில்லை.

கட்டுமானம் சரியாக நின்றது 1971-ல், 'மெடில்' ஆல்பத்தின் 'எக்கோஸ்' பாட்டில். ஸ்டுடியோவில் கையில் எதுவும் இல்லாமல் தனித்தனி துண்டுகளாகப் பதிந்துகொண்டிருந்தார்கள். அந்தத் துண்டுகளுக்கு வைத்த பெயரே 'நத்திங்'தான், நம்பர் மட்டும் மாறும். அதில் ஒரு துண்டு ரைட் பியானோவில் தட்டிய ஒற்றை ஸ்வரம். அந்த பியானோ சத்தத்தை லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக அனுப்பினார்கள். லெஸ்லி என்பது உள்ளே ஹார்ன் சுழன்றுகொண்டே இருக்கும் ஸ்பீக்கர். சத்தத்தின் மூலம் நம்மை நோக்கி வந்து வந்து விலகும், அதனால் ஸ்வரம் லேசாக நடுங்கும். ஆமா, நாம எக்ஸாமுக்குப் படிச்ச அதே டாப்ளர் எஃபெக்ட்தான். தண்ணிக்கு அடியில் யாரோ சிக்னல் கொடுக்கிற மாதிரி 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். 23 நிமிஷக் கட்டிடமும் அந்த ஒற்றைக் கல்லின் மேல்தான் நிற்கிறது.

அதே ஆல்பத்தின் முதல் பாட்டு 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்'. அதில் வரும் குதிரை ஓட்டம் மாதிரியான பேஸ் சத்தத்துக்குக் காரணம் பின்சன் எக்கோரெக் என்ற இத்தாலிய மெஷின். உள்ளே ஒரு டிரம் சுழலும், அதன் விளிம்பில் காந்தக் கம்பி சுற்றியிருக்கும். ஒரு ஹெட் சத்தத்தை அதில் பதியும். டிரம் சுழலச் சுழல அடுத்தடுத்து இருக்கிற ஹெட்கள் அதைத் திருப்பிச் சொல்லும். ஒரு தடவை தட்டினால் பல தடவை கேட்கும், அந்த எதிரொலியே தாளமாகிவிடும். பெரிய வித்வான்கள் கிடையாது இவங்க. வேகமா வாசிக்கிற பேண்ட் அந்தக் காலத்துல எத்தனையோ இருந்தது. இவங்க ஒரு ஸ்வரத்தை வாசிச்சுட்டு அது எங்கே போகுதுன்னு காத்திருக்கக் கத்துக்கிட்டாங்க.

நாலு பேரும் ரூமில் இருந்த நாட்கள்

'டார்க் சைட்' ஏதோ ஒரே ராத்திரியில் வந்த அதிசயம் இல்லை. ஆல்பம் வெளியாவதற்கு ஒரு வருஷம் முன்பே, 1972 ஜனவரியிலிருந்து அதை முழுசாக மேடையில் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆடியன்ஸ் முன்னாடியே டெஸ்டிங், டீபக்கிங் எல்லாம் நடந்தது. 'ஆன் த ரன்' முதலில் ஒரு கிட்டார் வாசிப்பாகத்தான் இருந்தது. சின்தி என்ற சின்தசைசர் கைக்கு வந்ததும் எட்டு ஸ்வரத்தை அதில் ஏற்றி, வேகத்தைக் கூட்டி, சுற்றவிட்டார்கள். பழையது குப்பைக்குப் போனது.

'மனி' பாட்டின் தொடக்கத்தில் கல்லாப்பெட்டி, சில்லறை, பேப்பர் கிழிகிற சத்தம் எல்லாம் தாளத்தோடு வரும். அதெல்லாம் இன்றைக்கு லேப்டாப்பில் அஞ்சு நிமிஷ வேலை. அன்றைக்கு ஒவ்வொரு சத்தத்தையும் டேப்பில் பதிந்து, ஒரே நீளத்துக்கு அளந்து வெட்டி, வரிசையாக ஒட்டி, வளையமாக்கி ஓடவிட்டார்கள். எண்ணிப் பாருங்க, ஏழு ஏழாப் போகும். மிஸ்ர சாபு தெரிஞ்சவங்களுக்கு உடனே பிடிபடும். கிட்டார் சோலோ வரும்போது மட்டும் நாலுக்கு மாறும், அதனால்தான் அங்கே பாட்டு சட்டுன்னு கட்டவிழ்ந்து ஓடுற மாதிரி இருக்கு.

இந்த ஆல்பத்தில் வார்த்தை முழுக்க வாட்டர்ஸ். குரலும் கிட்டாரும் பெரும்பாலும் கில்மோர். இந்த இரண்டு பேருக்காகத்தான் ஃபேன்கள் இன்னும் அடிச்சுக்கிறாங்க. நான் சொல்ல வர்றது மூணாவது ஆளைப் பற்றி. ரிச்சர்ட் ரைட்.

'அஸ் அண்ட் தெம்' பாட்டின் மெட்டு ரைட் போட்டது. ஆன்டோனியோனி இயக்கிய 'ஸாப்ரிஸ்கி பாயிண்ட்' படத்துக்காக வாசித்து, டைரக்டர் வேண்டாம் என்று ஒதுக்கிய ட்யூன் அது. 'த கிரேட் கிக் இன் த ஸ்கை' பாட்டின் பியானோ வரிசையும் அவருடையதுதான். அதன் மேல் கிளேர் டோரி என்ற பாடகி வந்து ஒரு வார்த்தைகூட இல்லாமல் சாவைப் பாடிவிட்டுப் போனார். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த சம்பளம் 30 பவுண்ட். பிறகு வழக்குப் போட்டு, 2005-ல் சமரசமாகி, இப்போது பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவராக அவர் பெயரும் இருக்கிறது. 'ப்ரீத்' பாட்டில் ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குத் திரும்பும் இடத்தில் வரும் ஒரு கார்டை மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் ஆல்பத்தில் இருந்து எடுத்ததாக ரைட்டே சொல்லியிருக்கிறார். ராக் பேண்டில் அந்த மாதிரி கார்டு வருவது அபூர்வம். வாட்டர்ஸின் கோபத்துக்கும் கில்மோரின் கிட்டாருக்கும் நடுவில் காற்று இருக்கு இல்லையா, அந்தக் காற்றுதான் ரைட்.

1973-லிருந்து 1988-க்குள் அந்த ஆல்பம் அமெரிக்க பில்போர்டு ஆல்பம் சார்ட்டில் 741 வாரம் இருந்தது.

போனவருக்கு ஒரு பாட்டு

ஜெயித்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். அந்த வெறுமையே 1975-ல் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆனது. கில்மோர் கிட்டாரில் நாலே ஸ்வரம் வாசித்தார், அதைக் கேட்டதும் வாட்டர்ஸுக்கு சிட் ஞாபகம் வந்தது. அதிலிருந்து வளர்ந்த 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்' ஒன்பது பகுதிகள் கொண்ட பாட்டு, ஆல்பத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் பாதிப் பாதியாக நிற்கிறது.

1975 ஜூன் 5 அன்று அந்த ஆல்பத்தின் வேலை நடந்துகொண்டிருந்த ஆபி ரோடு ஸ்டுடியோவுக்குள் ஒரு ஆள் வந்தார். பருமனான உடம்பு, தலையிலும் புருவத்திலும் முடி இல்லை. யாரோ ஸ்டுடியோ ஸ்டாஃப் என்று நினைத்தார்கள். சிட் என்று புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அழுதவர்கள் உண்டு. ஏழு வருஷத்துக்கு முன்னாடி வேனில் ஏத்தாம விட்ட அதே ஆள், அவரைப் பற்றிய பாட்டு தயாராகிற இடத்திலேயே வந்து நிற்கிறார்! கதையில எழுதினா "ஓவர் சினிமாவா இருக்கு"ன்னு சொல்வோம்.

சத்தம் குறைஞ்சு, வார்த்தை கூடினப்போ

1977-ல் 'அனிமல்ஸ்'. மனுஷங்களை நாய், பன்றி, ஆடு என்று மூணாகப் பிரிக்கிற ஆல்பம். அட்டைப்படத்துக்காக லண்டன் பேட்டர்ஸீ பவர் ஸ்டேஷன் மேல பறக்கவிட்ட ராட்சசப் பன்றி பலூன் கயிறு அறுத்துக்கொண்டு ஓடி, ஹீத்ரோ விமானங்களுக்கே இடைஞ்சல் கொடுத்தது தனிக் கதை. ஆனால் ஆல்பத்தைத் திருப்பி கிரெடிட்டைப் பாருங்க. ரைட் பெயர் ஒரு பாட்டில்கூட இல்லை. முதல் தடவையாக. கேட்கும்போதே தெரியும். ஆல்பம் வறண்டு, கூர்மையாக, மூச்சுவிட இடமில்லாமல் இருக்கும். அந்த ஆல்பத்துக்கு அது பொருந்தியும் இருக்கு, அதை மறுக்க முடியாது.

அதே வருஷம் ஜூலையில் மாண்ட்ரியல் ஸ்டேடியத்தில், முன்வரிசையில் கத்திக்கொண்டிருந்த ஒரு ரசிகர் மேல் வாட்டர்ஸ் துப்பினார். பிறகு அவருக்கே அது அதிர்ச்சியாக இருந்தது. எனக்கும் ஆடியன்ஸுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது என்ற எண்ணத்திலிருந்து 1979-ல் 'த வால்' பிறந்தது. 26 பாட்டு, பெரும்பாலும் எல்லாமே வாட்டர்ஸ் எழுதியவை. அதைப் பதிவு செய்துகொண்டிருந்தபோதே ரைட்டை பேண்டை விட்டு வெளியேற்றினார்கள். மேடை நிகழ்ச்சிகளுக்கு மட்டும் சம்பளத்துக்கு வந்து வாசித்தார். மேடைக்குக் குறுக்கே நிஜமாகவே அட்டைக் கற்களால் சுவர் கட்டுகிற அந்த ஷோ பெரிய நஷ்டம். நஷ்டத்தை மிச்ச மூணு பேர் பங்கு போட்டுக்கிட்டாங்க, சம்பளக்காரரான ரைட் மட்டும் லாபத்தோட வீட்டுக்குப் போனார்.

'த வால்' மோசமான ஆல்பம்னு நான் சொல்லவே மாட்டேன். 'கம்ஃபர்டப்ளி நம்' பாட்டுல வாட்டர்ஸ் எழுதிய வார்த்தையும் கில்மோர் கொண்டுவந்த மெட்டும் மோதுற இடம் இருக்கே, அதுக்காகவே மொத்த ஆல்பத்தையும் மன்னிக்கலாம். அந்த மோதல் நின்னுபோனா என்ன ஆகும்னு 1983-ல் வந்த 'த ஃபைனல் கட்' காட்டுது. அதில் ரைட் இல்லவே இல்லை. கில்மோர் முன்னணியில் பாடுவது ஒரே ஒரு பாட்டு. வாட்டர்ஸ் அஞ்சு மாசக் குழந்தையாக இருந்தபோது, 1944-ல், இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் அவருடைய அப்பா இறந்துபோனார். ஃபாக்லாந்து போர் கிளறிய அந்த ரணம்தான் ஆல்பம். வார்த்தை நெஞ்சைப் பிடிக்கும். ஆனா அந்த வார்த்தை போய் விழ ஒரு இடம் வேணும்ல, அதைக் கட்டுறவங்க அந்த ரூம்ல இல்ல.

1985-ல் வாட்டர்ஸும் வெளியேறினார். பெயர் யாருக்கு என்று சட்டச் சண்டை நடந்து, கில்மோரும் மேசனும் பேண்டைத் தொடர்ந்தார்கள். 1987-ல் வந்த 'எ மொமென்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்' எண்பதுகளின் பளபளப்பு மிஷினில் மாட்டின ஆல்பம். 1994-ல் வந்த 'த டிவிஷன் பெல்' வேற மாதிரி. 1975-க்குப் பிறகு முதல் தடவையாக ரைட் பெயர் பாட்டு எழுதியவர்கள் பட்டியலில் திரும்பி வந்தது. 'வேரிங் த இன்சைட் அவுட்' பாட்டை அவரே பாடுகிறார். வாட்டர்ஸின் கத்தி இல்லாததால் சில இடங்களில் ஆல்பம் மழுங்கலாகத்தான் இருக்கு. ஆனா மறுபடி காற்று வந்துடுச்சு.

2005 ஜூலை 2 அன்று லண்டனில் நடந்த லைவ் 8 நிகழ்ச்சியில் நாலு பேரும் 24 வருஷத்துக்குப் பிறகு சேர்ந்து வாசித்தார்கள். அடுத்த வருஷம் சிட் இறந்தார். 2008-ல் ரைட் இறந்தார். 2014-ல் வந்த கடைசி ஆல்பம் 'த எண்ட்லெஸ் ரிவர்' பெரும்பாலும் 1993-ல் ரைட்டோடு வாசித்து மிச்சம் வைத்திருந்த பதிவுகளிலிருந்து கட்டியது.

எங்கே ஆரம்பிக்கலாம்?

"பெஸ்ட் ஆஃப்" ப்ளேலிஸ்ட் வேண்டாம்ங்க. வெவ்வேறு கட்டிடத்தோட ஒவ்வொரு ஜன்னலைக் கழட்டி ஒரே இடத்துல சாத்தி வச்ச மாதிரி இருக்கும். ஒரு வாரம் ஒதுக்கி இந்த வரிசையில் கேளுங்க: 'சீ எமிலி ப்ளே', 'எக்கோஸ்', 'டார்க் சைட்' முழுசா, 'விஷ் யூ வேர் ஹியர்' முழுசா, 'அனிமல்ஸ்', அப்புறம் 'த வால்'. ஒவ்வொன்றிலும் கீபோர்டு எவ்வளவு தூரம் முன்னால் நிற்கிறது, எப்போது பின்னால் போகிறது என்று மட்டும் காதைக் கொடுங்க. பேண்டுக்குள்ள என்ன நடந்ததுன்னு யாரும் சொல்லாமலே தெரியும்.

நம்ம பேட்ச்ல ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டீம்னு நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்திருக்கீங்க இல்லையா, அவங்களுக்காகவே ஒண்ணு சொல்லணும். நிறைய பேசுறவர் ஒருத்தர், பிரசன்டேஷன்ல ஸ்கோர் பண்றவர் ஒருத்தர்னு எல்லா டீம்லயும் இருப்பாங்க. பேசாம ஒரு ஓரத்துல உட்கார்ந்து மொத்தத்தையும் ஒட்டவச்சுக்கிட்டு இருக்கிற ஒருத்தரும் இருப்பார். கிரெடிட்ல அவர் பேரை ஒரு தடவை சரிபார்த்துடுங்க.

இன்னொரு விஷயம். 'ஷைன் ஆன்' பாட்டின் ஒன்பதாவது பகுதியை ரைட் தனியாக எழுதினார். அதுதான் அந்த ஆல்பத்தின் முடிவு. சத்தம் தேய்ந்து மறைகிற கடைசி சில நொடிகளில் வால்யூமைக் கூட்டி வைங்க. கீபோர்டில் மெல்ல ஒரு பழைய மெட்டு வந்து போகும். அது 'சீ எமிலி ப்ளே', 1967-ல் சிட் எழுதினது. அதனாலதான் லிஸ்ட்ல அந்தப் பாட்டை முதல்ல வச்சேன்.